சித்தி லைலாவின் கணவர்

கேத்தலின் மூக்கிலிருந்து வரும் ஆவியில் பிஸ்கட் உறையின் ஓரத்தைக் காட்டுகிறார் மக்கீன். பசை இளகியதும் பழைய சவர பிளேட்டின் நுனியால் மெல்ல நெம்புகிறார். உறை கிழியாமல் விரிந்து வருகிறது. கம்பனியின் முத்திரை இருக்கும் மூலையை மட்டும் கத்தரித்து ஒரு தபாலட்டையில் ஒட்டி, குண்டு குண்டான எழுத்தில் விலாசம் எழுதுகிறார். பிஸ்கட்டுகள் கண்ணாடிப் போத்தலுக்குள் போகின்றன. ரேடியோ திருத்தக் கொண்டுவருபவர்களுக்கு அவற்றை நீட்டுவார். தான் தொடமாட்டார். "பல்லில ஒட்டும்" என்பார்.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், இரண்டு புடவைக் கடைகளுக்கு நடுவே செருகி வைத்ததுபோல இருக்கிறது அவருடைய கடை. முன்பாதியில் ரேடியோக்கள். பலகை மறைப்புக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில், ஒரு தொழுகைப் பாய், ஆணியில் இரண்டு சட்டை. நாற்பத்தொன்பது வயது. மெலிந்த ஆள். இடது உள்ளங்கையில் ஈயம் சுட்ட தழும்புகள் மிளகு தூவினதுபோல் கிடக்கும். ரேடியோக்களை நோயாளிகளாக நினைத்துத்தான் பேசுவார். "இதுக்குத் தொண்டக்கட்டு", "இதுக்கு நெஞ்சில சளி." திருத்தி முடித்த பெட்டியை உடனே கொடுத்துவிடமாட்டார். ஒரு பாட்டு முழுதாகப் பாடி முடியும்வரை உடையவர் நின்றுதான் ஆகவேண்டும். அவசரப்பட்டால், "பொறுங்க மனே, அது ஒருக்கா மூச்சு விடட்டும்" என்பார்.

சவர்க்காரம், தேயிலை, பற்றரி, பற்பொடி, எந்தக் கம்பனி எந்தப் போட்டி வைத்தாலும் கல்முனையிலிருந்து ஒரு தபாலட்டை போகும். ஒருவர் ஓர் அட்டைதான் அனுப்பலாம் என்ற விதியை அவர் மீறுவதில்லை. நான்கு தங்கச்சிமார், நான்கு மச்சான்மார் பெயரிலும் ஆளுக்கொன்றாக அனுப்புவார். பதினைந்து வருடத்தில் ஒரு குடை, ஒரு சுடுதண்ணிப் போத்தல், அரை டசின் கண்ணாடிக் குவளை, ஒரு மேசை மணிக்கூடு, ஒரு பெட்டி சவர்க்காரம் விழுந்திருக்கின்றன. குடை மூத்த தங்கச்சி ஆசியா உம்மா வீட்டில். மணிக்கூடு சபூறா வீட்டில். குவளைகள் றாஹிலா வீட்டில். மற்றவை கடைசித் தங்கச்சி ஸாலிஹா வீட்டில். கடைக்குள் பரிசென்று ஒரு பொருளும் கிடையாது.

அந்த நாலு வீடுகளும் அவர் கட்டியவைதான். வாப்பா மவுத்தானபோது மக்கீனுக்குப் பத்தொன்பது வயது. வீடு இல்லாமல் பெண்ணுக்குக் கலியாணம் பேச முடியாது. ஆசியா உம்மாவுக்குச் சாய்ந்தமருதில் முதல் வீட்டைக் கட்டி முடித்தபோது அவருக்கு இருபத்துநாலு. ஸாலிஹாவின் வீட்டுக்கு ஓடு போட்டு இறங்கியபோது நாற்பது. அதன்பிறகு அவருக்குப் பெண் பார்க்கவேண்டும் என்று எல்லாரும்தான் நினைத்தார்கள். ஒருத்தி பார்ப்பாள் என்று மற்றவள் இருந்துவிட்டாள்.

சாப்பாடு தங்கச்சிமார் வீடுகளில். ஆறு நாட்களை நாலு வீட்டுக்கும் பங்கிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை யாருடையது என்பது பேசப்படாமல் விட்டுப்போயிற்று. ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் பஸ் நிலையக் கடையில் இரண்டு பராட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு மேலே ஊற்றும் ஆணத்துக்குக் காத்திருப்பதை எந்த வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம்.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஒரு பிஸ்கட் கம்பனி தன் வெள்ளி விழாவுக்கு ஒரு போட்டி வைத்தது. கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடமான தம்பதிகளுக்கு. கணவன் மனைவியைப் பற்றியோ மனைவி கணவனைப் பற்றியோ ஐம்பது சொற்களுக்குள் எழுதவேண்டும். முதற்பரிசு, கண்டி நகரின் நடுவில் இருக்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஹோட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்கி வெள்ளி விழாக் கொண்டாடுவது. விருந்து, கேக், கூடவே ஒரு பீங்கான் செட்.

ஆசியா உம்மாவுக்கும் அவள் கணவன் சீனிமுகம்மதுவுக்கும் அந்த வருடம் இருபத்தைந்து நிறைந்தது. மக்கீன் தாளும் பென்சிலுமாக மச்சானைத் தேடி வயலுக்கே போனார்.

"மச்சான், தங்கச்சியப் பத்தி நாலு வார்த்த சொல்லுங்க."

சீனிமுகம்மது வரப்பில் நின்று யோசித்தார். கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தார். "என்னத்தச் சொல்லுற? ஆக்கித் தாறா, திங்கிறன். நல்ல பொம்புள" என்றார்.

அதை வைத்து ஐம்பது சொல் தேறவில்லை. ஒரு வாரம் அந்தத் தாள் மேசையில் கிடந்தது. ஒரு மழைப் பகல் மின்சாரம் நின்றுபோயிற்று. கடைக்கு ஆள் வரவில்லை. வீதியில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தபாலட்டையை எடுத்து, தன் பெயரிலேயே எழுதினார்.

'கடையைப் பூட்டி நான் வரும்போது என் சைக்கிள் சத்தத்தை வேலியடியிலேயே அறிந்துகொள்வாள். ஏன் சுணக்கம் என்று கேட்கமாட்டாள். சோறு ஆறிப்போச்சே என்பாள். காய்ச்சல் வந்தால் எனக்குச் சொல்வதில்லை. அன்று மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள், தன் முனகல் கேட்காமலிருக்க. இருபத்தைந்து வருடமாக அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.'

மனைவியின் பெயர் எழுதவேண்டிய இடம் இரண்டு நாள் வெறுமையாக இருந்தது. ஊரில் உள்ள யாருடைய பெயரையும் எழுதி ஒரு பெண்ணைச் சந்திக்கு இழுக்கக்கூடாது என்று பயந்தார். தெரிந்த குடும்பங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லாத பெயர் என்று உறுதியான பிறகு எழுதினார்: சித்தி லைலா.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையில் கால் பக்க விளம்பரம் வந்தது. முதற்பரிசு, கல்முனை ஜனாப் ஏ. மக்கீன், சித்தி லைலா தம்பதியினர்.

பத்து மணிக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது. பக்கத்துப் புடவைக் கடைக்காரர் தலையை நீட்டி, அண்ணன் முறை வைத்து, "காக்கா, இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டுப் போனார். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆசியா உம்மாவும் ஸாலிஹாவும் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைப்படியில் வந்து நின்றார்கள். ஆசியா உம்மா பத்திரிகையை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஆரு காக்கா இந்த சித்தி லைலா?"

மக்கீன் சோல்டரிங் அயனைக் கீழே வைத்தார்.

"இருவத்தஞ்சு வருசம் எண்டு போட்டிரிக்கி. அப்ப என்ட கலியாணத்தோட கலியாணமா முடிச்சிட்டீங்களா? வாப்பா இல்லாட்டி நாங்களுமா இல்லாமப் போயித்தம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லியே!" அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"அழாத புள்ள. அப்பிடி ஒரு ஆளில்ல. போட்டிக்கு எழுதினது."

"ஆளில்லியா?"

"அல்லாவுக்காக, இல்ல. சும்மா ஒரு பேரு."

தங்கச்சிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஸாலிஹாவின் வாயிலிருந்து முதலில் சிரிப்பு வெடித்தது. "நான் அப்பவே சொன்னன்தானே ராத்தா? எங்கட காக்காவாவது, கலியாணம் முடிக்கிறதாவது!"

ஆசியா உம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தவளைப்போலப் படியிலேயே உட்கார்ந்து, "அதானே, அதானே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மக்கீனும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தார். ஆசியா உம்மா அழுததைவிட அந்த நிம்மதி அவரை எங்கோ ஓரிடத்தில் நன்றாகத் தைத்தது.

"மறுகா என்ன, நானும் அவரும் கண்டிக்குப் போய்த்து வாறமே" என்றாள் ஆசியா உம்மா, போத்தலிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு. "எங்களுக்கும் இருவத்தஞ்சுதானே. பேர ஆரு பாக்கப்போறாங்க?"

அது நியாயமான கேள்விதான். இதுவரை வந்த பரிசெல்லாம் கேட்காமலே அந்த வீடுகளுக்குப் போயிருக்கின்றன. மக்கீன் அயனை எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"இல்ல புள்ள. இதுக்கு நான்தான் போவன்."

"தனியவா?"

"ஓம்."

"இரண்டு பேருக்கெண்டு தாற இடத்துல தனியப் போய் என்ன காக்கா செய்யப்போறீங்க?"

தங்கச்சி கேட்டதை இல்லையென்று சொன்னது வாழ்நாளில் அதுவே முதல்தடவை. மக்கீன் திருத்தி முடித்த ஒரு ரேடியோவின் பின்மூடியை மறுபடி கழற்றத் தொடங்கினார்.

ஐப்பசி மாதம் ஒரு விடிகாலை பஸ்ஸில் ஏறினார். மருதமுனைத் தறியில் நெய்த புதுச் சாரம், முழுக்கைச் சட்டை, ஒரு தோள்பை. அம்பாறை, மகாஓயா, மகியங்கனை கடந்து, மலைப்பாதையின் பதினெட்டு வளைவுகளிலும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்டியில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. கடற்காற்றிலேயே வளர்ந்த உடம்பு அந்தக் குளிரில் ஒடுங்கிப்போயிற்று. வாவியைப் பார்த்தபடி நின்ற ஹோட்டலின் வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினார். வழுவழுப்பான மரத்தரை, ஆளை உள்ளே வைத்துப் பூட்டி மேலே இழுக்கும் இரும்புக் கூண்டு, வெள்ளைக் கோட்டில் பித்தளைப் பொத்தான் போட்ட ஆட்கள். போனதும் உண்மையைச் சொல்லிவிடுவதென்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், கூட வரவேண்டிய அம்மா எங்கே என்று. மக்கீனுக்குத் தெரிந்த சிங்களம் அந்த இடத்தில் காலை வாரிவிட்டது. வாயில் வந்தது தமிழ்.

"அவவுக்குக் கொஞ்சம் வருத்தம். நான் முன்னால வந்தன். மறுகா வாறா."

பையைத் தூக்க வந்த பணியாளர் நிமிர்ந்து பார்த்தார். நரைத்த மீசை, நாற்பத்தைந்து வயதிருக்கும். 'மறுகா' என்று சொல்லும் ஊர் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியும். மேசைக்காரருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, கூண்டுக்குள் ஏறியதும், "சேர் எந்த ஊர்?" என்று கேட்டார்.

"கல்முனை."

"நான் வினாயகபுரம். அழகரெத்தினம். திருக்கோயிலுக்கு அங்கால." கூண்டு மேலே வருவதற்குள் 'சேர்' போய் 'காக்கா' வந்துவிட்டது. "அம்மாவுக்கு என்ன வருத்தம் காக்கா?"

"காய்ச்சல். சொல்லமாட்டா. ரேடியோவச் சத்தமா வைப்பா, அதுலதான் நான் விளங்குற" என்றார் மக்கீன். சொன்னபிறகு தானே திகைத்துப்போனார்.

அறை அவருடைய கடையைப்போல நாலு மடங்கு. கட்டிலில் இரண்டு பேருடைய தலையணைகளுக்கும் நடுவே ரோஜாப் பூக்களால் 25 என்று எழுதியிருந்தார்கள். இரண்டு துவாய், இரண்டு சோடிச் செருப்பு, இரண்டு தண்ணீர்க் குவளை. அவர் இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தார். கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்டபோது அழகரெத்தினம் ஜன்னலைத் திறந்து, சூரியன் விழும் மலையைக் காட்டி, தொழுவதற்கு இடமாக நாற்காலிகளை ஒதுக்கிக் கொடுத்தார்.

பொழுது சாய்ந்ததும் விருந்து. பெரிய மண்டபத்தில் இரண்டு பேருக்கான மேசை. எதிரே ஒரு வெற்று நாற்காலி, அதன் முன்னால் கவிழ்த்து வைத்த கோப்பை, முயல் காதுபோல மடித்து நிறுத்திய துணி. கேக்கில் இரண்டு பெயர்கள். பக்கத்து மேசைகளில் வெள்ளைக்காரர்களும் கொழும்புக்காரர்களும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு சனத்துக்கு நடுவில் இருந்தும் சோற்றை விழுங்கும் சத்தம் தன் காதுக்கே கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. பஸ் நிலையக் கடையிலாவது யாராவது 'கொஞ்சம் தள்ளி இரிங்க காக்கா' என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் வந்து இருப்பார்கள்.

அழகரெத்தினம்தான் அடிக்கடி வந்து நின்றார். அம்மா என்ன சமைப்பா, எந்தக் கறி திறம் என்று விசாரித்தார். மக்கீன் சொல்லிக்கொண்டே போனார். கீரி மீனுக்குக் கொறுக்காய்ப் புளி கூடப் போடுவாள். கோபம் வந்தால் பேசமாட்டாள், வாளியைக் கிணற்றுக் கட்டில் அடித்து வைப்பாள். நோன்பு காலத்தில் எழுப்ப வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், கட்டில் காலைத் தட்டுவாள். ஒன்று சொன்னால் அடுத்தது தானாக வந்தது. அப்படி ஒருவர் நின்று தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது எந்த வருடம் என்று அவருக்கு நினைவில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது பிஸ்கட் கம்பனியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கழுத்துப் பட்டி, கையில் கோப்பு, பின்னால் கமெராக்காரர்.

"மிஸிஸ் மக்கீன் வரல்லியா சேர்?"

"வருத்தம் தம்பி."

இளைஞர் உதட்டைக் கடித்தார். உடனே முகம் தெளிந்தது. "பரவால்ல சேர். நாங்க அடுத்த கிழமை கல்முனைக்கே வாறம். உங்கட வீட்ட வச்சே ரெண்டு பேரையும் படம் எடுத்து, பீங்கான் செட்டையும் தருவம். விளம்பரத்துக்கு அது இன்னும் நல்லம்."

"என்ட வீட்டுலயா?"

"ஓம் சேர்."

மக்கீன் கையிலிருந்த பாண் துண்டைப் பீங்கானில் வைத்தார். அழகரெத்தினம் தேநீர்த் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தார். அவரை அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லிவிட்டார்.

"தம்பி, எனக்கு வீடில்ல. அந்த ஆளும் இல்ல."

இளைஞருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கோப்பைத் திறந்து தபாலட்டையை எடுத்து வாய்விட்டுத் திரும்ப வாசித்தார். கமெராக்காரர் கமெராவின் மூடியைப் போட்டார்.

"அப்ப இதெல்லாம் பொய்யா சேர்?"

"நாலு தங்கச்சிமார்ர வீட்டுல சாப்பிடுறன் தம்பி. ஒரு வீட்டுல ஒண்டப் பாத்தன், இன்னொரு வீட்டுல இன்னொண்டு. மத்தது நான் நினைச்சது." தபாலட்டையைப் பார்த்து, "பரிசுக்காகத்தான் எழுதத் தொடங்கினன். எழுதக்குள்ள பரிசு மறந்துபோச்சு" என்றார்.

இளைஞர் நல்ல பிள்ளை. சத்தம் போடவில்லை. இரண்டாம் பரிசுக்காரர்களுக்குத்தான் பீங்கான் செட்டைக் கொடுக்கவேண்டி வரும், படம் போட முடியாது, அறைக்கு நாளைக் காலைவரை சொல்லியிருக்கிறது, இருந்துவிட்டுப் போங்கள் என்றார். எழுந்தவர் தபாலட்டையைக் கோப்பில் வைக்கப் போய், மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் வைத்தார். அவர்கள் போனபிறகு பார்த்தால் அழகரெத்தினத்தையும் காணவில்லை. தேநீர் மட்டும் மேசையில் இருந்தது.

அன்று பகல் முழுதும் மழை. மக்கீன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. இன்றைக்கே பஸ் ஏறிவிடலாமா என்று இரண்டுதரம் பையைக் கட்டினார், இரண்டுதரம் அவிழ்த்தார். ஊருக்குப் போனால் ஸாலிஹா கேட்பாள், எப்படி இருந்தது என்று. ரோஜாப் பூக்கள் வாடி ஓரம் கறுத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டார்.

அஸர் தொழுது பாயைச் சுருட்டும்போது கதவு தட்டப்பட்டது. அழகரெத்தினம். பித்தளைப் பொத்தான் கோட்டு இல்லை. சாதாரணச் சட்டை, சாரம். வேலை முடிந்து வந்திருந்தார்.

"கோவமா தம்பி?" என்று கேட்டார் மக்கீன். "உங்கிட்டயும் பொய்தான் சொன்னன்."

"கோவமில்ல காக்கா." உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் நின்றார். "அந்தத் தம்பி வாசிச்சதக் கேட்டன். எனக்கும் அப்பிடி ஒண்டு எழுதித் தாறீங்களா எண்டு கேக்கத்தான் வந்தன்."

"ஆருக்கு?"

"என்ட மனிசிக்கு. வள்ளிப்பிள்ளை எண்டு பேர். பதினெட்டு வருசமா இஞ்ச நிக்கிறன். வருசத்துக்கு ரெண்டு தரம் ஊருக்குப் போறது. மாசம் ஒரு கடதாசி போடுவன். நலம், நலமறிய ஆவல். அதுக்கங்கால ஒரு வரி எழுத வருகுதில்ல."

மேசை இழுப்பறையில் ஹோட்டலின் பெயர் அச்சடித்த தாள்கள் இருந்தன. மக்கீன் ஒன்றை எடுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சொல்லுங்க. அவ என்ன செய்வா?"

"என்ன செய்வா எண்டா... வீட்டு வேலதான். கரவலை இழுக்கிற நேரம் கடக்கரைக்குப் போய் மீன் வாங்குவா. கருவாடு போடுவா."

"அது எல்லாரும் செய்யிறது. நீங்க ஊருக்குப் போனா?"

அழகரெத்தினம் யோசித்தார். "முதல் நாள் என்னோட கதைக்கமாட்டா காக்கா. ரெண்டாம் நாள் ஏசத் தொடங்குவா. ஏசினாத்தான் எனக்கு வீட்ட வந்த மாதிரி இரிக்கும்."

"மறுகா?"

"திரும்பி வரக்குள்ள வெளியால வரமாட்டா. நான் போறன் போறன் எண்டு படலையில நிண்டு சொல்லுவன். குசினிக்குள்ள அடுப்ப ஊதிக்கிட்டு நிப்பா. அடுப்பு நல்லா எரிஞ்சிகிட்டுத்தான் இரிக்கும். எண்டாலும் ஊதிக்கிட்டு நிப்பா." சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மக்கீன் எழுதத் தொடங்கினார். மழைச் சத்தத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குமேல் எழுதினார். இடையில் ஒரேயொரு தடவை நிமிர்ந்து, "என்ன விறகு?" என்று கேட்டார். "தென்னமட்டை" என்றார் அழகரெத்தினம். முடித்ததும் தாளை அவரிடம் கொடுக்காமல் தானே வாசித்துக் காட்டினார். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

'நான் படலையைத் தாண்டும்வரை நீ ஊதிக்கொண்டிருந்த அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தென்னமட்டைக்கு அவ்வளவு ஊத வேண்டியதில்லை என்று எனக்கும் தெரியும். புகை கண்ணில் பட்டது என்று நீ சொல்வாய். சரி. அடுத்தமுறை நான் கொஞ்சம் நேரத்தோடு புறப்பட்டு, குசினிக்குள் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்.'

அழகரெத்தினம் அப்போதுதான் உட்கார்ந்தார். தாளை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேனாவைக் கொடுத்ததும் தன் பெயரை எழுத்தெழுத்தாக அதன் கீழே எழுதினார். "இதப் பாத்தா ஏசுவா" என்றார். தாளை நாலாக மடித்தார். "ஆரிட்டக் கேட்டு எழுதினீங்க எண்டு ஏசுவா."

அவர் போனபிறகு அறை முன்னையைவிடப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. வினாயகபுரத்தில், ஏதோ ஒரு படலைக்கு உள்ளே, ஒரு பெண் இந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போவதை நினைத்துப் பார்த்தார் மக்கீன். சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல அறையில் ஆள் இல்லை. மேசையில் இன்னும் நாலு வெற்றுத் தாள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மூடி வைத்தார்.

காலையில் மழை விட்டிருந்தது. மலைகள் கழுவித் துடைத்ததுபோல் நின்றன. அழகரெத்தினம் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வரவேற்பு மேசையில் இருந்தவர் தடித்த தோல் அட்டை போட்ட பெரிய பதிவுப் புத்தகம் ஒன்றைத் திறந்து மக்கீன் பக்கம் திருப்பி வைத்தார். நூறு வருடமாக வந்துபோனவர்களை அப்படித்தான் எழுதி வைக்கிறார்களாம். கம்பனியின் கடிதத்தைப் பார்த்து, அவர் வருவதற்கு முன்னமே யாரோ அழகான கையெழுத்தில் ஒரு வரியை எழுதியிருந்தார்கள். ஆங்கிலம். ரேடியோப் பெட்டிகளின் பின்பக்கத்தை வாசிப்பதுபோல எழுத்துக் கூட்டி வாசித்தார். முதலில் அவருடைய பெயர். அதற்குப் பக்கத்தில், அதே வரியில், அதே மையில், சித்தி லைலா.

மேசைக்காரர் சிவப்பு மைப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சொன்னார். அழகரெத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்:

"ஆள் வரல்லத்தானே, அந்தப் பேர வெட்டிவிடப்போறாராம் காக்கா. கம்பனியால சொல்லிரிக்காங்களாம்."

மக்கீன் இடது கையை நீட்டி, ஈயம் சுட்ட உள்ளங்கையை விரித்து, அந்தப் பெயரின்மேல் வைத்தார்.